நான்காம் இலக்கம் எங்கே போனார்?

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தை நான் பார்ப்பது விளையாட்டுக்காக மட்டுமல்ல. இடைவேளையில் கோட் போட்டுக்கொண்டு, கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்து விளக்கம் சொல்கிறவர்களைத் திட்டுவதற்காகவும்தான். (விளையாட்டைவிட இதில்தான் எனக்கு வியர்க்கும்.)

நான்கு பேர் இருப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். மற்ற மூவரும், ஐந்து நிமிடத்துக்கு முன்னர் நாங்கள் எங்கள் கண்ணால் கண்டதை எங்களுக்கே திருப்பிச் சொல்வார்கள். “இந்த அணி வெல்ல வேண்டுமென்றால் இரண்டாம் பாதியில் கோல் அடிக்க வேண்டும்” என்பார் ஒருவர். மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். கோல் அடிக்காமல் வெல்ல வேறு ஏதும் வழி இருந்து, அதை இவர் இப்போதுதான் அடைத்துவிட்டதுபோல இருக்கும். கமராக்காரர்களோ, மூலையில் இருந்து கோணர் அடிக்கப் போகிற நேரம் பார்த்து முகத்தில் வர்ணம் பூசிய ஒருவரைக் காட்டுவார்கள். அவர் கையசைத்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடக்கும்.

போன உலகக் கிண்ண மாதம் முழுவதும், ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இதைப்பற்றி முகநூலில் எழுதினேன். அப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆகவே நேரம் நிறையவே இருந்தது, அறிவும் நிறைய இருப்பதாக எண்ணம். அந்தக் கலைக்கூடத்து (ஸ்ரூடியோவுக்கு நான் வைத்த பெயர்) மேதைகளில் பாதிப்பேர் மைதானத்துக்கே போகாமல், வேறொரு நாட்டில் ரீவியைப் பார்த்துக் கதைக்கிறார்கள் என்று எங்கோ வாசித்த அன்று, பொங்கி எழுந்து ஒரு வசனம் எழுதினேன்: “மைதானத்தைக் காணாதவருக்கு மைதானத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை இல்லை.” இருநூற்றுச் சொச்சம் பேர் விருப்பம் போட்டார்கள். அந்த வசனத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

தர்மபுரத்தில் வாய்க்கால் ஓரம் எங்கள் வீடு. எங்கள் பகுதி விளையாட்டுக் கழகத்தின் பெயர் நீலவானம். அதன் செயலாளர் தயா அண்ணை ஒருநாள் கடைவாசலில் என்னை மறித்தார்.

“பிள்ளை, உன்ர எழுத்தெல்லாம் வாசிக்கிறனான்.”

“நன்றி அண்ணை.”

“பொறு, இன்னும் நல்லது எண்டு சொல்லேல்லயே. வாற சனிக்கிழமை எங்கட கிண்ணத்துக்கு பைனல். வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு நேரலை போடுறம். போன முறை எங்கட கழகத்துப் பெடியன் கபில் போனைப் பிடிச்சவன். முழுக்கக் காத்துச் சத்தமும் அவன் கச்சான் கடலை கொறிக்கிற சத்தமும்தான். நீ உலகத்துக்கே பிழை பிடிக்கிறாய். எங்களுக்கு ஒருக்கா சரியாச் செய்து காட்டன் பாப்பம்.”

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சம்மதித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், வர்ணனை மட்டும் போதாது, இடைவேளையில் ஆய்வும் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆய்வுக்குக் கலைக்கூடம் வேண்டும். கலைக்கூடத்துக்கு இரண்டாவது ஆய்வாளர் வேண்டும்.

அன்று பின்னேரம் அண்ணா குசினி வாசலில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அண்ணாவின் பெயர் சுதன். எட்டு வருடமாக நீலவானத்தின் பின்களத்தில் நான்காம் இலக்கம். எட்டு வருடத்தில் ஒரு கோலும் அடித்ததில்லை. (எங்கள் வலைக்குள் அடித்த ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று வீட்டில் ஓர் உடன்பாடு.) முழங்கால் சவ்வு தேய்ந்துவிட்டது, இந்தப் பருவத்தோடு நிறுத்து என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த பைனல்தான் அவனுடைய கடைசி ஆட்டம்.

“நீயே மைக்கில?” என்றான்.

“ஓம்.”

“அப்ப ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது.” எண்ணெய்ப் போத்தலை மூடினான். “நான் தப்பித் தவறி ஒரு கோல் அடிச்சா, என்ர பேரை முழுசாச் சொல்லு. கத்திச் சொல்லு. அது பதிவாக் கிடக்கும். பிறகு நான் வயசுபோன காலத்தில போட்டுக் கேப்பன்.”

“உனக்கு என்னண்டு கோல்? நீ நடுக்கோட்டைத் தாண்டினாலே மூச்சு வாங்குவாய்.”

“அதுதானே சொன்னனான், தப்பித் தவறி எண்டு.”

அவன் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்காமல், “சத்தியமாச் சொல்லுவன்” என்றேன். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா, “நானும் வீட்டில போனில பாப்பன், வடிவாச் சொல்லு பிள்ளை” என்றா.

கலைக்கூடம் அமைந்தது மைதானத்தோடு ஒட்டிய பாடசாலையின் ஆண்டு ஐந்து வகுப்பறையில். கரும்பலகையில் மைதானம் கீறினேன். வீரர்களுக்குச் சோடா மூடிகள், பின்பக்கத்தில் காந்தம் ஒட்டி. மேசைக்கு அம்மாவின் நல்ல சேலை விரிப்பு. மைதான ஓரத்தில் உழவு இயந்திரப் பெட்டியின் மேல் ஏறி நின்று கபில் ஒரு போனால் ஆட்டத்தைப் பிடிப்பான். எங்களைப் பிடிக்க இன்னொரு போன். எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் மடிக்கணினி என் கையில். அதன் திரையில் மைதானம் ஒரு தாயக் கட்டம் அளவுக்கும், வீரர்கள் பயறு அளவுக்கும் தெரிந்தார்கள்.

சத்தம்தான் பிரச்சினையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒலிபெருக்கி என்றால், அது ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் சொல்லும். வந்திருக்கும் பிரமுகர்களை வரவேற்கும், அவர்கள் எழும்பிப் போனால் நன்றி சொல்லும், சாவி தொலைத்தவரைக் கூப்பிடும். இது என் தரமான ஒலிபரப்புக்குள் புகுந்துவிடக்கூடாது என்று, வகுப்பறையைப் பார்த்திருந்த ஒலிபெருக்கிக் குழாயின் வயரைக் கழற்றச் சொன்னேன். யன்னல்களைப் பூட்டினேன். என் போனைச் சத்தமில்லாமல் ஆக்கினேன். மைதானத்தில் இருந்து ஒரு சிறு ஓசையும் உள்ளே வராதபடி எல்லாம் பக்காவாகச் செய்து முடித்தேன். இதைவிடத் திருத்தமாக ஒருவர் தனக்குத்தானே குழி வெட்ட முடியாது.

இரண்டாவது ஆய்வாளர் ரியாஸ் நானா. முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருப்பவர், இளமையில் பெயர்போன கோல் காப்பாளர். கதை மிகவும் குறைவு. ஒத்திகையில், “இந்த உதையைப் பற்றி உங்கள் பார்வை என்ன?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “அடிச்சான். போகேல்ல” என்றார். இவரை வைத்துக்கொண்டு எப்படி ஆய்வை நீட்டுவது என்று எனக்குக் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணி. எதிரணி மல்லாவிப் பக்கத்து வெண்சங்கு. ஆட்டம் தொடங்கமுதல், வகுப்பறைக்குப் போகும் வழியில் மைதானத்தை எட்டிப் பார்த்தேன். வர்ணனை தொடங்கமுதல் நான் மைதானத்தைக் கண்ணால் கண்டது அந்த இரண்டு நிமிடம்தான். அங்கே ஒரு சிக்கல் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு அணியும் செம்மஞ்சள். எங்களுக்கு ரீசேட் அனுப்பியவர் கனடாவில், அவர்களுக்கு அனுப்பியவர் சுவிசில். இரண்டு பேருக்கும் ஒரே நிறம் பிடித்துப்போனது. (எங்கள் கழகத்தின் பெயர் நீலவானம் என்பதைக் கனடாக்காரருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.) எங்கள் ஊர்களில் இதற்கு ஒரு தீர்வு உண்டு. நாணயம் சுண்டுவார்கள், தோற்ற அணி ரீசேட்டைக் கழற்றி உட்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். வெண்சங்கு தோற்றது. கோல் காப்பாளர் தவிர்ந்த பத்துப் பேரும் முணுமுணுத்துக்கொண்டு திருப்பிப் போட்டார்கள். இலக்கங்கள் உள்ளே போய்விட்டன. நிறமும் வெளிறித் தெரிந்தது. கோல் காப்பாளர் இருவருக்கும் ஏதோ ஒரு கறுப்புச் சட்டை.

நல்லது என்று குறித்துக்கொண்டேன். பளிச்சென்ற செம்மஞ்சள் நாங்கள். வெளிறினது அவர்கள். நாங்கள் அடிப்பது தண்ணீர்த் தாங்கிப் பக்கம். அவர்கள் அடிப்பது பாலைமரப் பக்கம். இதில் குழம்ப என்ன இருக்கிறது?

முதல் பாதி எனக்குத் தங்கமாகப் போனது. கோல் எதுவும் விழவில்லை, ஆனால் நான் ஒரு விநாடிகூட வாயை மூடவில்லை. கனடா, லண்டன், சுவிஸ் என்று திரையின் ஓரத்தில் பாராட்டுகள் ஏறிக்கொண்டே போயின. ‘ரீவியில் வாறவையை விட நல்லாச் சொல்லுறா’ என்று ஒருவர் போட்டார். அதைப் படம் பிடித்து வைத்தேன். (இன்னும் வைத்திருக்கிறேன். அழிக்க மனம் வரவில்லை.)

இடைவேளை விசில் ஊதியதும் மைதானப் படத்தை நிறுத்தி, கலைக்கூடத்துக்கு மாற்றினேன். பதினைந்து நிமிடமும் நாங்களேதான் திரையில். கரும்பலகையில் மூடிகளை நகர்த்தினேன். முக்கோணம் போட்டேன். ‘இடைவெளி’ என்ற சொல்லை இருபது தரமாவது சொல்லியிருப்பேன்.

“ரியாஸ் நானா, நீலவானத்தின் பின்களம் பற்றி?”

“நல்லா நிக்கினம்.”

“குறிப்பாக நான்காம் இலக்கம்?”

“அவரும் நிக்கிறார்.”

அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நேரலை பார்த்துக்கொண்டிருந்த சுவிஸ்காரர், வெண்சங்கின் கப்டனுக்குப் போன் எடுத்திருக்கிறார். அந்த ரீசேட்டுகளின் முதுகில் அவருடைய தகப்பனாரின் பெயர் அச்சடித்திருந்தது, ஞாபகார்த்தமாக. “நான் அப்பாவின்ர பேரை நாலு பேர் வாசிக்கட்டும் எண்டு அனுப்ப, நீங்கள் அதை உள்ளுக்குத் திருப்பி வேர்வையில ஊறப் போட்டிருக்கிறியளே!” மனிதர் அழுதேவிட்டாராம். கப்டன் போனைக் கொண்டுபோய் மத்தியஸ்தரிடம் கொடுக்க, அவர் தயா அண்ணையைக் கூப்பிட, எல்லோரும் நின்று கதைத்து நியாயமான ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டாம் பாதிக்கு வெண்சங்கு நேராகப் போடட்டும், நீலவானம் திருப்பிப் போடட்டும்.

இதை ஒலிபெருக்கியில் அறிவித்தும் இருக்கிறார்கள். வகுப்பறைப் பக்கத்துக் குழாயின் வயர்தான் என் காலடியில் சுருண்டு கிடந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியது. மைதானப் படத்தைப் போட்டேன். ஒரு நிமிடம் பார்த்தேன். ஏதோ சரியில்லை.

பளிச்சென்ற செம்மஞ்சள் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் அடிக்கிறது. வெளிறினது பாலைமரப் பக்கம் அடிக்கிறது. முதல் பாதியில் இருந்த அதே படம்.

நீங்கள் இப்போது விளங்கிக்கொண்டிருப்பீர்கள். பக்கமும் மாறி, சட்டையும் மாறினால், பார்ப்பவருக்கு ஒன்றுமே மாறாதது போலத்தான் இருக்கும். ஆனால் சட்டை மாறியது எனக்குத் தெரியாதே. அப்படியென்றால் என்ன? பக்கம் மாறவில்லை! உதைபந்தாட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி, இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாற வேண்டும். மத்தியஸ்தர் மறந்துவிட்டார்! இருபத்திரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்! கண்டுபிடித்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான்!

என் உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு ஆய்வாளரின் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் ஒரு தடவைதான் வரும்.

“அன்பான நேயர்களே, நம்ப முடியாத ஒரு தவறு எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது...”

ரியாஸ் நானா திரைக்குக் கிட்டக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

“தங்கச்சி, முதல் திருப்பிப் போட்டிருந்தது வழுவழுப்புத் துணி. வெய்யிலுக்கு மினுங்கினது. இது மினுங்கேல்ல. துணி வேற மாதிரிக் கிடக்கு.”

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “நானா, நாங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கதைப்பம். துணியைப் பற்றிப் பிறகு கடையில கதைப்பம்” என்றேன். முப்பது வருடமாகத் துணி விற்கிற மனிதரிடம் இதைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். “அந்தப் பின்னுக்கு நிக்கிற நெடுவல். கால் இழுத்து நடக்கிறதைப் பாத்தா உங்கட அண்ணன்ர நடை.”

“அண்ணா பளிச்செண்ட நிறம் நானா. பாருங்கோ, கபில் கிட்டக் காட்டேக்க நாலாம் இலக்கம் வடிவாத் தெரியுது. அது வெண்சங்கின்ர ஆள்.”

“அப்பிடியே? சரி” என்றார். அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பக்கம் மாறாததால் காற்று யாருக்குச் சாதகம், சூரியன் யாருடைய கண்ணில் படுகிறது, இது எவ்வளவு பெரிய அநியாயம். அப்போது பாலைமரப் பக்கத்தில் வெளிறின அணிக்கு ஒரு கோணர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. கூட்டத்துக்குள் இருந்து அந்த நெடுவல் எழும்பினான். தலை. வலை.

பதிவில் என் குரல் இப்படி இருக்கிறது. நான் திருத்தாமல் தருகிறேன்.

“ஐயோ, கோல்! வெண்சங்கு கோல் அடித்துவிட்டது! இது திறமையே இல்லை நேயர்களே, சும்மா கிடைத்த கோல். கண்ணை மூடிக்கொண்டு எழும்பினார், பந்து தலையில் பட்டுவிட்டது. கேள்வி அதுவல்ல. கேள்வி என்னவென்றால், எங்கே போனார் எங்கள் நான்காம் இலக்கம்? அவரைத் தடுக்க வேண்டியவர் எங்கே போனார்? பாருங்கள், பக்கத்திலேயே மரம் மாதிரி நிற்கிறார்! அவர் என் சொந்த அண்ணன்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இது மன்னிக்க முடியாத தவறு!”

தன்னைத்தானே தடுக்காமல் விட்டதற்காக ஒரு மனிதனை அவன் தங்கச்சியே நேரலையில் ஏசியது உலக உதைபந்தாட்டத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

நடுநிலையான வர்ணனை என்று எனக்குப் பெருமை வேறு. சொந்த அண்ணனையே விட்டுவைக்கவில்லையே! பாராட்டு வந்திருக்குமா என்று திரையின் ஓரத்தைப் பார்த்தேன். கருத்துகள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடின. ‘பக்கம் மாத்தேல்லயோ?’ ‘மத்தியஸ்தரைப் பிடியுங்கோ.’ ‘எங்கட கோல் எண்டு அவையளே சொல்லீட்டினம், எழுதி வையுங்கோ.’ இடையில், ‘பிள்ளை, உனக்கு விசரே?’ என்று ஒன்று. அது எங்கள் சொந்தக்காரர் ஒருவர். பொறாமை என்று நினைத்தேன்.

திரையில் இன்னொரு விசித்திரம். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைக்கத் தொடங்கினார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கனடாவில் இருந்தவர் தம்பிக்கும், லண்டனில் இருந்தவர் மைத்துனருக்கும், சுவிசில் இருந்த இன்னொருவர் ஊருக்கே போன் எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். “ஏனடா பக்கம் மாத்தாம விளையாடுறியள்?”

“மாத்தினவங்கள்தானே!”

“மாத்தேல்லயாம், ஒரு பிள்ளை படம் கீறி விளங்கப்படுத்துது!”

பார்வையாளர்களில் பாதிப்பேர் இடைவேளையில் ஐஸ்கிறீம் வாகனத்தடியில் நின்றவர்கள். ஒலிபெருக்கி சொன்னதை அவர்களும் கேட்கவில்லை. (ஒலிபெருக்கி சொல்வதை எங்கள் ஊரில் யார் கேட்பது?) திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் கண்ணுக்கும் பளிச்சென்ற நிறம் தண்ணீர்த் தாங்கிப் பக்கம்தான் அடித்தது. “பிள்ளை சொல்லுறது சரிதான்!” என்று அவர்கள் கத்த, “நாங்கள் இஞ்சதானே நிண்டனாங்கள், மாறினது!” என்று மற்றவர்கள் கத்த, சனம் இரண்டாகப் பிரிந்தது. வெண்சங்கின் ஆதரவாளர் ஒருவர், தான் இவ்வளவு நேரமும் நீலவானத்துக்குக் கைதட்டியதாகச் சந்தேகப்பட்டு, மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். கோட்டோரத்தில் கொடி பிடித்து நின்றவர் மத்தியஸ்தரிடம் வந்து, “சேர், நாங்கள் மாத்தினனாங்கள்தானே?” என்று மெல்லமாகக் கேட்டாராம். மத்தியஸ்தரே ஒரு கணம் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து, பாலைமரத்தைப் பார்த்து, விரல் விட்டு எண்ணிவிட்டுத்தான், “ஓம், மாத்தினனாங்கள்” என்றாராம். ஆட்டம் நின்றது.

நான் உள்ளே, “என் சுட்டிக்காட்டலைத் தொடர்ந்து ஆட்டம் நிறுத்தப்பட்டுள்ளது” என்று அறிவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது யன்னலில் தட்டுச் சத்தம்.

பூட்டைத் திறந்தேன். அண்ணா. முகம் எல்லாம் வேர்வை, நெற்றியில் மண், ஒரு காலில் பாரம் போடாமல் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் நான் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் ஒரு தரம்தான் பார்த்தேன், அவனுடைய கலியாணத்தில்.

“சொன்னியா?” என்றான்.

“என்னத்தை?”

“என்ர பேரை. முழுசாச் சொன்னியா? கத்தினியா?”

அப்போதுதான் பார்த்தேன். அவனுடைய ரீசேட்டின் தையல் வெளியே தெரிந்தது. உட்கழுத்தில் தைத்த அளவுத் துண்டு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் இருக்க வேண்டிய நான்கு, உள்ளே இருந்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி மங்கித் தெரிந்தது. நான் மரம் என்று ஏசியது வெண்சங்கின் நான்காம் இலக்கத்தை.

நான் ரியாஸ் நானாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேசை விரிப்பின் கரையைத் தடவிக்கொண்டு, “நல்ல சேலை” என்றார்.

மைக் இன்னும் போட்டபடியே இருந்தது. நான் எதுவும் சொல்லாமல் நின்ற அந்த இடைவெளி பதிவில் பதினொரு விநாடி வருகிறது. மாதம் முழுவதும், ‘ஆய்வாளர்கள் கொஞ்சம் வாயை மூடினால் என்ன?’ என்று எழுதியவள் நான்.

“பேரைச் சொன்னனான் மாதிரித்தான்” என்றேன். “இலக்கத்தைச் சொன்னனான்.”

“போதும்!” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நொண்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினான். அந்தச் சந்தோசத்தோடு அவன் ஓடிய ஓட்டத்தை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மைதானத்தை நான் கண்ணால் கண்டது அது இரண்டாவது தரம்.

போனை எடுத்துப் பார்த்தால் அம்மாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். கடைசியாக ஒரு குரல் பதிவு: “எடியே, அது கொண்ணனடி! அவன்ர நடை தெரியேல்லயே உனக்கு? பெத்த எனக்கு இந்தச் சின்னப் போனிலயே தெரியுது, உனக்குப் பெரிய கொம்பியூட்டரில தெரியேல்லயோ?”

வெளியே விசயம் இன்னும் முடியவில்லை. வெண்சங்குக்காரர்கள் மத்தியஸ்தரைச் சூழ்ந்து நின்றார்கள். கோல் தங்களுடையது என்பதற்கு அவர்களிடம் வலுவான சாட்சி இருந்தது: நான். “உங்கட பிள்ளையே சொல்லுது வெண்சங்கு அடிச்சது எண்டு! இந்தா, பதிவு கிடக்கு!” என்று போனை நீட்டினார்கள். தங்கள் வலைக்குள் தாங்கள் வாங்கிய கோலைத் தாங்களே அடித்ததாக எழுதச் சொல்லிக் கேட்டது, அந்தக் குழப்பத்தில் யாருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

மத்தியஸ்தர் போனை வாங்கவே இல்லை. “தம்பி, நான் கோலைப் பாத்தனான். நேரலையைப் பாக்கேல்ல” என்றார். உதைபந்தாட்டத்தைப் பற்றி நான் கேட்ட வசனங்களிலேயே ஆகத் திறமான வசனம் அதுதான். எந்தக் கலைக்கூடத்தில் இருந்தும் வரவில்லை.

ஒன்றுக்குப் பூச்சியம் என்று நீலவானம் வென்றது. மீதி ஆட்டத்துக்கு நேரலையில் வர்ணனை இல்லை. கபில் கச்சான் கொறிக்கும் சத்தம் மட்டும் வந்தது. ‘இப்ப நல்லாயிருக்கு’ என்று கனடாவில் இருந்து ஒருவர் போட்டார். பரிசளிப்பில் தயா அண்ணை ஒலிபெருக்கியில் அண்ணாவின் பெயரை மூன்று தரம் சொன்னார், மூன்றாவது தரம் வகுப்பறையைப் பார்த்து. வயரைத் திருப்பிக் கொழுவியிருந்தார்கள். காது கிழியக் கேட்டது.

அண்ணா பதிவைக் கேட்டது அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான். அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தா. நான் குசினிக்குள் ஒளித்து நின்றேன். முதல் தரம் கேட்டான், முகம் ஒரு மாதிரிப் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எட்டு வருடத்தில் ஒரு கோல், அதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே குரல் அவனை ஏசுகிறது.

“நாளைக்குத் திரும்பக் கதைச்சு, படத்துக்கு மேல ஒட்டிவிடுறன் அண்ணா” என்று வாசலில் வந்து சொன்னேன். “உன்ர பேர், இலக்கம், எல்லாம் கத்திச் சொல்லுறன்.”

அவன் இரண்டாம் தரம் போட்டான். ‘மரம் மாதிரி நிற்கிறார்’ என்ற இடத்தில் வாயில் இருந்த சோறு சிதறியது. மூன்றாம் தரம் போடும்போது அம்மாவும் அகப்பையோடு வந்து இருந்துவிட்டா.

“ஒண்டும் ஒட்ட வேண்டாம்” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கோலை எல்லாரும்தான் அடிக்கிறாங்கள். தன்னை மறிக்கேல்ல எண்டு பேச்சு வாங்கினவன் நான் ஒருத்தன்தான். உதுவே கிடக்கட்டும்.”

கிடக்கிறது. எப்படிக் கிடக்கிறது என்றால், அன்றிரவே அந்தத் துண்டை வெட்டித் தன் போனில், நான் அழைத்தால் மட்டும் அடிக்கிற சத்தமாக வைத்துவிட்டான். அவனுடைய கலியாண வீட்டில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தாலிக்கொடி எங்கே என்று கேட்க நான் அறைக்குள் இருந்து அவனை அழைத்தேன். மண்டபத்தின் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் என் குரலே என்னைக் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, “ஆர் நான்காம் இலக்கம்?” என்றார்.

ரியாஸ் நானா கடைக்குப் போனால் இப்போதும் துணியைத் திருப்பிக் காட்டி, “தங்கச்சி, இது எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார். நான் தொட்டுப் பார்த்துச் சொல்வேன்.

போன கிழமை ஒரு பெரிய போட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கோட் போட்ட ஒருவர், பின்கள வீரர் ஒருவரைப் பிடித்து விளாசு விளாசென்று விளாசினார். எனக்குத் தெரியும், பிழை விட்டது அவரில்லை, பக்கத்தில் நின்றவர். பழைய இரத்தம் கொதித்தது. அண்ணாவின் வீடு இப்போது வேலிக்கு அங்கால். உடனே போனை எடுத்து அழைத்தேன்.

வேலிக்கு அங்கால் இருந்து, நல்ல சத்தமாக, முதலில் என் குரல்தான் வந்தது: “எங்கே போனார் எங்கள் நான்காம் இலக்கம்?”

பிறகு அண்ணா போனை எடுத்தான்.

“இஞ்சதான் நிக்கிறன். சொல்லு.”